தாய்ப்பாலில் கிருமி உண்டு, தயங்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்: நெல்லைச் சீமை ஆச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆச்சிமாருக்கும், மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். அம்பாசமுத்திரம், பாப்பாக்குடி பக்கத்து ஊர்களில் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். நர்சம்மா என்று கூப்பிட்டு, திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்துப் பேசி அனுப்பியவர்கள் நீங்கள். கிராம சுகாதார செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து போன் வருவது நிற்கவில்லை. அண்மையில் வரும் போன்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். கண் சரியாகத் தெரியாத ஆச்சிக்குப் பேத்தி யாராவது படித்துக் காட்டட்டும்.

கேள்வி இதுதான்: “தாய்ப்பால்ல கிருமி இருக்காமே, பிள்ளைக்குக் குடுக்கலாமா?”

இருக்கிறது ஆச்சி. நோய் நொடி இல்லாத தாயின் பாலிலும் கிருமி இருக்கிறது. ஒரு மில்லி பாலில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கும். இயற்கையிலேயே அது அப்படித்தான். அந்தப் பாலைத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் முடியும்வரை வேறெதையும் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பிள்ளை பெற்றவளுக்கே எழுதலாமே என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் முதல் பத்து நாள் நடப்பது எல்லாமே உங்கள் சொல்படிதான். அவள் தையல் வலியில் கிடப்பாள். டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போவார். பிளாஸ்க்கும் துணிப்பையுமாகக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது நீங்கள். பிள்ளையின் வாயில் முதலில் எது படுகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பிரசவம். பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண்ணுக்கு மாரில் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று பாலைப் பீச்சி ஒரு லேபில் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ‘கிருமி வளர்ந்தது’ என்று தாள் வந்தது. அவ்வளவுதான், வீடே கலங்கிப்போனது. அன்று சாயங்காலமே பூக்கடையில் மல்லிகைப்பூ வாங்கி அவள் மாரில் வைத்துக் கட்டிவிட்டார்கள். பால் மாவு டப்பா வந்துவிட்டது. எனக்குப் போன் வந்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. அந்தத் தாளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்’ என்று இருந்தது. நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிற கிருமி அது. தாய்ப்பாலைச் சோதித்தால் மிக அதிகமாகத் தென்படுவதும் அதுதான். எந்த ஊர்த் தாயின் பாலைக் கொண்டுபோனாலும் அந்தச் சொல் தாளில் வர வாய்ப்புண்டு. நோய்க் குறி ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தாளை வைத்துப் பாலை நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

மல்லிகைப்பூ கட்டினால் பால் வற்றும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. அது வேலை செய்கிறது என்று மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு மனசு பதைத்தது. பிள்ளை இறந்து பிறந்த வீட்டில் தாயின் வேதனையைக் குறைக்க நம் முன்னோர் வைத்திருந்த வைத்தியம் அது. உயிரோடு, பசியோடு பிள்ளை பக்கத்தில் அழும்போது அதைச் செய்யலாமா? அந்த வீட்டில் பூவை எடுத்துவிட்டு மறுபடி பிள்ளையை மாரில் போட்டார்கள். பால் மீண்டும் ஊறியது. எல்லா வீட்டிலும் அப்படித் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

தாய்ப்பாலில் கிருமியே கிடையாது, வெளியே வந்த பிறகுதான் அழுக்காகிறது என்று ஒரு காலத்தில் படித்தவர்களும் நினைத்திருந்தார்கள். 2003இல் ஸ்பெயின் நாட்டு மாத்ரித் நகரத்து ஆய்வாளர்கள் நலமாக இருக்கும் தாய்மாரின் பாலிலிருந்து லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பாலைத் தயிராக உறையவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. அதன் பிறகு பல நாடுகளில் தேடிப் பார்த்தார்கள், எங்கும் இருந்தன. 2017இல் அமெரிக்காவில் 107 தாய்மாரையும் அவர்கள் பிள்ளைகளையும் வைத்துக் கணக்கிட்டார்கள். முதல் ஒரு மாதத்தில் பெரும்பாலும் தாய்ப்பாலே குடித்த பிள்ளைகளின் குடலில் இருந்த பாக்டீரியாவில் ஏறத்தாழ 28 விழுக்காடு தாயின் பாலிலிருந்து வந்தது. இன்னொரு 10 விழுக்காடு மார்க்காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்து வந்தது. அதனால் ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்பும் மாரைச் சோப்புப் போட்டுத் தேய், டெட்டால் தண்ணியில் துடை என்று அந்தப் பெண்ணைப் படுத்த வேண்டாம். தினமும் குளித்தால் போதும். கழுவ வேண்டியது கையை.

இந்தக் கிருமிகள் பிள்ளையின் வயிற்றில் போய் என்ன செய்கின்றன? பிறக்கும்போது பிள்ளையின் குடல் ஏறக்குறையக் காலியாக இருக்கிறது. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப்போல, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இடம். தாயிடமிருந்து வந்த நல்ல கிருமி குடல் சுவரில் முதலில் உட்கார்ந்துவிட்டால், பிறகு வருகிற கெட்ட கிருமிக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் வந்த நல்ல கிருமிக்குச் சாப்பாடும் அந்தப் பாலிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு. அதைப் பிள்ளையால் செரிக்கவே முடியாது. செரிக்காத ஒன்றை இத்தனை பாடுபட்டு ஒரு தாயின் உடம்பு ஏன் சுரக்க வேண்டும்? பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாக்களுக்காக. அவை அந்தச் சர்க்கரையைத் தின்று குடலைப் புளிப்பாக வைக்கின்றன. அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகள் வளரத் திணறும். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது. பிள்ளைக்கு ஊட்டும்போதே பிள்ளையைக் காக்கிற கிருமிக்கும் சேர்த்து ஊட்டுகிறாள் தாய்.

பாலில் எதிர்ப்புப் பொருளும் உண்டு. தாய் மூச்சில் இழுத்த கிருமிக்கும், சாப்பாட்டில் தண்ணீரில் உள்ளே போன கிருமிக்கும் எதிராக அவள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் பாலில் இறங்குகிறது. முக்கூடல் தெருவில் இந்த மாதம் என்ன கிருமி சுற்றுகிறது என்று எந்த டப்பாவுக்கும் தெரியாது. அந்தத் தெருவில் இருக்கிற தாயின் உடம்புக்குத் தெரியும். முதல் மூன்று நாள் வருகிற சீம்பாலில்தான் இது மிக அடர்த்தியாக இருக்கிறது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கிறது என்று அதைப் பீச்சிக் கீழே விடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

“ஆபரேசன் பண்ணிருக்கு, பால் வரல, பிள்ளை அழுவுது.” உங்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை இது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 அறுவைப் பிரசவம். அதனால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பால் நிறையச் சுரக்கத் தொடங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அதுவரை வருவது சீம்பால். முதல் நாளில் ஒரு தடவைக்குப் பிள்ளை குடிப்பதே 2 முதல் 10 மில்லிதான். சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்து ‘பால் இல்லை’ என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சொட்டுதான் அன்றைக்கு அதன் வயிற்றுக்கு அளவு. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பாப் பாலைக் கொடுத்து வயிறு நிறைந்து தூங்கிவிட்டால் அது சப்பாது, அவளுக்கும் ஊறாது. பிறகு உண்மையிலேயே பால் இல்லாமல் போகும்.

அறுவையில் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் இன்னும் அவசியம். இங்கிலாந்தில் 596 பிள்ளைகளை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகளின் குடலில் ஆஸ்பத்திரிச் சூழலில் சுற்றும் கிருமிகள் அதிகமாகக் குடியேறியிருந்தன. அந்த நிலையில் தாயிடமிருந்து வருகிற கிருமி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு நல்லது. தாய் எழுந்து உட்கார முடியாவிட்டாலும், நர்ஸைக் கூப்பிட்டு, படுத்த வாக்கில் பிள்ளையைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்துக்கொடுக்க உங்களைவிட நல்ல கை அங்கே யாருக்கு இருக்கிறது?

சீக்கிரம் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று கானா நாட்டில் 10,947 பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2006இல் எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கியிருந்தால், முதல் மாதச் சாவுகளில் நூற்றுக்கு 22ஐத் தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நம் நாட்டிலேயே ஒடிசாவில் 4,556 கிராமத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. எல்லாம் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகள். பாதிப் பேருக்கு முதல் வாரத்தில் ஒரு நல்ல பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி ஏறுவதும் சாவும் சேர்ந்து நூற்றுக்கு 9 ஆக இருந்தது 5.4 ஆகக் குறைந்தது. 2017இல் அது வெளிவந்தது. இதைக் கேட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அது மருத்துவர் கண்காணிப்பில், எடை பார்த்துத் தேர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தது. குறைமாதப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட மருந்தே ரத்தத்தில் ஏறி ஆபத்தான சம்பவம் உண்டு. கிருமி பிள்ளையின் குடலில் நல்லபடி குடியேறுவதே பிள்ளைக்குக் காவல் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அப்படியானால் பச்சைப் பிள்ளையின் ரத்தத்தில் ஏறி உயிரை எடுக்கிற கிருமி எங்கிருந்து வருகிறது? டெல்லி ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில் முன்னால் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலி என்ற மூன்று. பெரும்பாலும் கழுவாத கை, குழாய், கருவி, ஈரம், மலம் வழியாகப் பரவுகிறவை. பல மருந்துக்கும் கட்டுப்படாதவையாக அவை மாறியும்விட்டன. பிள்ளை படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றி வருகிற ஒவ்வொரு கையையும் நீங்கள் கவனிக்க வேண்டியது அதனால்தான். பார்க்க வருகிற சொந்தக்காரர்களைத் தடுத்தால் கோவித்துக்கொள்வார்கள் என்று தயங்குவீர்கள். கோவித்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் கழித்து வந்து கொஞ்சட்டும்.

இனி சொல்லப்போவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். சேனை வைப்பதைப் பற்றி.

யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நாம் நம்புகிறோம். அதனால் வீட்டில் நல்லபடி வாழ்ந்த பெரியவரைக் கூப்பிட்டுச் சீனித் தண்ணியோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கிறோம். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த விரலில் என்ன இருக்கிறது, அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது? தாயின் கிருமி இடம் பிடிக்கும் முன்பே வேறொன்று உள்ளே போய்விடுகிறது. தேன் இன்னும் மோசம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது, ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளை வயிற்றில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். பிள்ளை துவண்டு, பால் சப்பவும் மூச்சு விடவும் முடியாமல் போகும். எவ்வளவு நல்ல மலைத்தேனாக இருந்தாலும் இதே கதைதான். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து கண் முன்னால் கறந்து சங்கில் ஊற்றிக் கொடுக்கிற பாலும் காய்ச்சாத பால்தான். கழுதையின் மடியும், கறக்கிறவர் கையும், ஊருக்கெல்லாம் ஊற்றிய அந்தச் சங்கும் சேர்ந்து வருகிறது.

சேனைக்கு நான் ஒரு வழி சொல்கிறேன், செய்து பாருங்கள். யாரைச் சேனை வைக்கக் கூப்பிட நினைத்தீர்களோ அந்தப் பெரியவரையே கூப்பிடுங்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கித் தாயின் மாரில் முதன்முதலாகப் போடுவது அவர் கையாக இருக்கட்டும். குலதெய்வத்தைக் கும்பிட்டு அவர் வாழ்த்தட்டும். முறையும் நடந்துவிட்டது, சீம்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சில வீடுகளில் இப்படிச் செய்யவைத்தேன். பெரியவர்கள் முகத்தில் ஒரு குறையும் நான் பார்க்கவில்லை.

உரை மருந்தும் கிரைப் வாட்டரும் ஆறு மாதத்துக்குள் வேண்டாம். குளிப்பாட்ட வருகிறவர் பிள்ளையின் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம். தொப்புளில் எதையும் வைக்காமல் காயவிடுங்கள்.

பால் மாவைப் பற்றி. தாய் இல்லாத பிள்ளைக்கு, மருத்துவர் தக்க காரணத்தோடு எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு அது தேவைதான். ஆனால் ‘சீல் போட்ட டப்பா, கிருமி இருக்காது’ என்று நினைப்பது தவறு. பால் மாவு கிருமி நீக்கிய பொருள் இல்லை. க்ரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த மாவில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். அது பச்சைப் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரக் கூடியது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் அந்தக் கிருமி சாகாது, வளரவே செய்யும். கொடுப்பதானால் பாட்டிலில் வேண்டாம், ரப்பருக்குள் அழுக்குத் தங்கும். தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்த பாலாடைக் கிண்ணத்தில் கொடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பால் மாவை இலவசமாகக் கொடுத்து, பரிசு கொடுத்துப் பழக்கிவிடுவது 1992இல் வந்த சட்டப்படி நம் நாட்டில் குற்றம். யாராவது இனாமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

பீடி சுற்றும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலப்பாளையத்திலிருந்து ஆலங்குளம் வரை எத்தனையோ பெண்கள் பிள்ளை பிறந்த சில வாரத்திலேயே தட்டை மடியில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளை அழுததும் தட்டை இறக்கிவைத்துவிட்டு அப்படியே தூக்கிப் பால் கொடுப்பது வழக்கம். விரலில் புகையிலைத் தூள் இருக்கும். எழுந்து போய்க் கை கழுவ நேரமில்லை, கணக்குக் குறையும் என்பாள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் நீங்கள் வைத்துக்கொடுங்கள். பிள்ளை படுத்திருக்கும் தொட்டிலைத் தூள் பறக்காத அறையில் கட்டுங்கள்.

ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை என்று வேலைக்குத் திரும்பும் மகளுக்குப் பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போவதுதான் வழி. அது நல்ல வழி. எச்சரிக்கை மட்டும் வேண்டும். கனடாவில் 393 தாய்மாரின் பாலை ஆராய்ந்து 2019இல் எழுதியவர்கள், பிள்ளை நேரே மாரில் குடிக்கும் தாயின் பாலுக்கும் பம்ப் வைத்து எடுக்கும் தாயின் பாலுக்கும் கிருமிகளில் வித்தியாசம் கண்டார்கள். பம்ப் வைத்தெடுத்த பாலில் நோய் உண்டாக்கக் கூடிய வகைகள் கூடுதலாகவும் பிஃபிடோ குறைவாகவும் இருந்தன. பம்பைச் சரியாகக் கழுவிக் கொதிக்கவைக்காவிட்டால் அதுவே கிருமிக்குக் கூடாகும். கை கழுவிவிட்டுக் கையால் பீச்சப் பழகுவது எளிது, செலவும் இல்லை. பீச்சிய பாலை 25 டிகிரி சூடுள்ள அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பது கணக்கு. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அப்படிப்பட்ட அறை எங்கே இருக்கிறது? எடுத்த கையோடு மூடி போட்டு பிரிட்ஜுக்குள், கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில் வையுங்கள். 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், காய்ச்சினால் நல்ல கிருமியும் எதிர்ப்புப் பொருளும் போய்விடும். சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர் எடுத்தால் போதும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பால் வழியாக நோய் வரவே வராதா என்று கேட்டால், அரிதாக வரும் என்பதுதான் உண்மை. பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி முதல் வாரம் கடந்து மூன்று மாதத்துக்குள் பிள்ளைக்கு ரத்தத் தொற்றையோ மூளைக்காய்ச்சலையோ உண்டாக்குவதுண்டு. சில நேரம் அது தாயின் பாலிலும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எடை மிகக் குறைந்த குறைமாதப் பிள்ளைக்கு சி.எம்.வி. என்ற வைரஸ் பாலில் வரக் கூடும். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை. லேப் தாளைப் பார்த்து வீட்டில் முடிவு செய்யக் கூடாது. தாய்க்குக் காசநோய் இருந்தால் கிருமி பரவுவது இருமலில். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மருத்துவர் சொல்படி பிள்ளைக்கும் தடுப்பு மருந்து கொடுத்து, பால் கொடுக்கலாம். எச்.ஐ.வி. உள்ள தாயும் அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டபடி முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கலாம் என்பதே நம் நாட்டு வழிகாட்டுதல். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை போட்டிருந்தாலோ, மாரில் கொப்புளம் இருந்தாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டி சீழ் வைக்கலாம். பிள்ளை கேட்கிறபோதெல்லாம் கொடுக்கட்டும், அந்தப் பாலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. அழுத்தித் தேய்த்து உருவிவிடாதீர்கள், வீக்கம் கூடும். குளிர்ந்த துணியை ஒற்றிக்கொடுங்கள். ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக் கூடிய மருந்து இருக்கிறது. பால் கொடுப்பதை அவரிடம் சொன்னால் பார்த்து எழுதுவார்.

குறைமாதத்தில் பிறந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிற பிள்ளைகளின் ஆச்சிமாருக்குச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தாயின் பால் உணவு மட்டும் இல்லை, குடல் அழுகிப்போகும் நோயிலிருந்து காக்கிற மருந்தும்கூட. சொட்டு வந்தாலும் பீச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து டம்ளரில் பீச்சிப் பஸ்ஸில் எடுத்துப்போகாதீர்கள். வார்டில் நர்ஸ் கொடுக்கிற பாத்திரத்தில், அங்கேயே, கை கழுவிவிட்டுப் பீச்சட்டும். தாய்க்குப் பால் போதாவிட்டால், தாய்ப்பால் வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய வேறொரு தாயின் பால் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஏற்பாடு அது. இன்னொருத்தியின் பால் என்று முகம் சுளிக்காதீர்கள். நெஞ்சோடு தோல் படப் பிள்ளையை அணைத்து வைக்கச் சொன்னால், தாய்க்கு முடியாத நேரத்தில் உங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இப்படி அணைத்து வைத்த எடை குறைந்த பிள்ளைகளில் சாவு கால்வாசி குறைந்தது.

கடைசியாக, மாந்தம், தோசம் என்று சொல்லித் திருநீறு போடக் கூட்டிக்கொண்டு போகும் முன் பார்க்க வேண்டியவை. நன்றாகக் குடித்த பிள்ளை குடிக்க மறுக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, வெட்டு (வலிப்பு) வருகிறதா, நெஞ்சு உள்ளிழுக்கிறதா, ஒரு நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் போகிறதா, உடம்பு 37.5 டிகிரிக்கு மேல் சுடுகிறதா, அல்லது தொட்டால் சில்லென்று இருக்கிறதா, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டதா, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிகிறதா? இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். சந்தேகம் மட்டும் இருந்தால் 104இல் கேட்கலாம், புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸிடமும் கேட்கலாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலும் பிள்ளை சப்பினால் தாய் பால் கொடுத்துக்கொண்டே வரட்டும். உடம்புச் சூடு இறங்காமல் துணி சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நர்சம்மா,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்